மரக்கலமும் மேற்பூச்சும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து ஒரகடம் நோக்கிச் செல்வோர் வல்லம் என்னும் ஊர்ப்பெயரைக் காண்பர். இன்று அப்பெயர் வடகால் என்னும் அண்டையூரின் பெயரோடு இணைந்து ஒரு தொழிற்பூங்காவின் பெயராக வழங்குகின்றது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த நம்மவர்க்கோ, வல்லம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நினைவுக்கு வருவது ஊரன்று, படகு. பெயரொற்றுமையை வைத்துக்கொண்டு வரலாறு கட்டுவது நம் நோக்கமன்று. ஆயினும் அலையோசை எட்டாத அந்த உள்நாட்டு மண்ணில் நடைபெறும் ஒரு வேலைக்கும், நம் முன்னோர் மரக்கலங்களுக்குச் செய்துவந்த ஒரு வேலைக்கும் உள்ள உறவு வெறும் பெயரளவினதன்று. அவ்வுறவைப் பற்றியதே இக்கட்டுரை.

1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும், 2012இல் டைம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பெற்றன. இத்தகைய ஆலைகளில் தகட்டால் ஆன வண்டிக்கூடு முதலில் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவப்படுகிறது. அடுத்துப் பாஸ்பேட் போன்ற உப்புக் கரைசலில் பதப்படுத்தப்படுகிறது. பின்னர் பெருந்தொட்டி ஒன்றில் முழுவதுமாக அமிழ்த்தப்படுகிறது. தொட்டியில் இருப்பது நீரில் கலந்த எபாக்சிப் பிசின். மின்சாரம் பாய்ச்சியவுடன் அப்பிசின் தகட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்று ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் சூளையில் சுட்டெடுக்கிறார்கள். நாம் கண்டு மகிழும் சிவப்பும் நீலமும் அதன் மேல் வருவன. துருவைத் தடுப்பது கண்ணுக்குப் புலப்படாத அந்த அடிப்பூச்சேயாகும்.

அதே எபாக்சிக் குடும்பத்துப் பிசினைத்தான், இன்று உலகெங்கும் தம் கையாலேயே சிறு மரப்படகு கட்டிக்கொள்வோர் படகின் மீது பூசுகின்றனர். நன்கு பூசி மெருகேற்றிய படகு கண்ணாடிப் பேழையில் வைத்த மரம்போல ஒளிவீசும். அவ்வழவழப்பு எங்ஙனம் வருகின்றது? அதற்கு முன் நம் முன்னோர் எதைப் பூசினர்? பழைய பூச்சு தோற்று, புதிய பூச்சு வென்றது என்று சொல்லிவிடலாமா? இவற்றை முறையாக எண்ணிப்பார்ப்போம்.

கயிற்றால் தைத்த கப்பல்

மரக்கலம் கட்டுவோன் முன் நிற்கும் கேள்விகள் மூன்று. பலகையைப் பலகையோடு எவ்வாறு பிணைப்பது? பிணைத்த இடைவெளியை எவ்வாறு அடைப்பது? மரத்தினுள் நீரும் புழுவும் புகாமல் எவ்வாறு காப்பது? நூஹ் நபி (அலை) அவர்களின் மரக்கலத்தைக் குறிப்பிடும் இறைவசனத்தில் (54:13) பலகைகளோடு ‘துஸுர்’ என்றொரு சொல்லும் வருகின்றது. அதற்கு ஆணிகள் என்று பொருள் கொண்டோர் பலர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்று பொருள் கூறுவோரும் உளர். இரண்டு பொருளுக்கும் கடலில் சான்று உண்டு.

இந்துமாக்கடலின் பழைய கப்பல்களுள் பெரும்பாலானவை தைக்கப்பட்டவை. கி.பி. 1183இல் ஹஜ்ஜுக்காகச் செங்கடலைக் கடந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், ஐதாப் துறைமுகத்துக் கப்பல்களைக் கூர்ந்து நோக்கி எழுதி வைத்துள்ளார். அவற்றில் ஆணி இல்லை. தென்னை நாரால் முறுக்கிய கயிற்றால் அவை தைக்கப்பட்டிருந்தன. மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் சென்றவை. தைத்து முடித்தபின் நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றைப் பூசினர் என்றும், சுறா எண்ணெயே சிறந்தது என்றும் அவர் குறிப்பிடுகின்றார். பவளப்பாறைகள் மலிந்த அக்கடலில் கலம் மோதினாலும் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும்; அதற்காகவே எண்ணெய். 14ஆம் நூற்றாண்டில் மாபார் எனப்பட்ட நம் கரைக்கும் வந்துசென்ற இப்னு பதூத்தாவும், ஆணியடித்த கலம் பாறையில் சிதறும், கயிற்றால் தைத்தது தாங்கும் என்ற கருத்தையே கூறுகின்றார்.

சென்னையில் துறைமுகம் அமையும் முன்னர், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே மக்களையும் சரக்கையும் கொண்டுசென்ற மசூலாப் படகுகளும் தைத்த படகுகளே. பேரலை மோதும்போது விறைத்து நில்லாமல் வளைந்து கொடுத்ததாலேயே அவை பிழைத்தன.

கலப்பற்று

ஆணியடித்துக் கட்டிய பெருங்கலங்களும் நம் கரையில் ஏராளமாக இருந்தன. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களின் மரைக்காயர்கள் கப்பலுடையவர்களாகவும் கடல் வணிகர்களாகவும் பேர்பெற்றிருந்தனர் என்பது நாமறிந்ததே. 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் செல்வமும் கடல்வழி வந்த செல்வமே. அக்காலக் கடல் உறவு நம் மொழியிலும் படிந்துள்ளது. மாலுமி என்பது ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. சுக்கான் என்பதும் அரபுச் சொல்லே. பலகைச் சந்துகளில் நாரும் பஞ்சும் திணித்து அடைக்கும் வேலையைத் தமிழில் கலப்பற்று என்பர். போர்த்துக்கீசியத்திலும் அரபியிலும் இதனோடு ஒலியொத்த சொற்கள் இதே வேலையைக் குறிக்கின்றன. எம்மொழி எம்மொழிக்குக் கொடுத்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரே தொழில் பல துறைமுகங்களை இணைத்திருந்தது என்பதில் ஐயமில்லை.

இத்தொழிலைச் செய்தோர் ஓடாவிகள் எனப்பட்டனர். அவர்தம் மேற்பூச்சுகள் கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டே அமைந்தன. குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிச் சந்துகளில் இட்டனர். நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதிக்குச் சுறா எண்ணெயோ புன்னை எண்ணெயோ தேய்த்தனர். நீரில் அமிழும் அடிப்பகுதிக்குச் சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்துப் பூசினர். சுண்ணாம்பும் கொழுப்பும் சேர்ந்தால் நீரில் கரையாத ஒருவகைச் சவர்க்காரம் உண்டாகும். கப்பற்புழு மரத்தைத் துளைக்காதிருக்க அது உதவும். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எரிவுமிக்க எண்ணெயையும் படகுக்குப் பூசும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது.

இப்பூச்சுகள் யாவும் நிலையற்றவை. சில திங்களுக்கு ஒருமுறை கலத்தைக் கரையேற்றி, பழையதைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும். இதனை ஒரு குறையென்று நாம் எண்ணக்கூடும். ஆனால் ஒவ்வொரு முறை கரையேற்றும்போதும் ஓடாவியின் கை ஒவ்வொரு பலகையையும் தடவிப் பார்த்தது. தட்டிப் பார்த்தால் எழும் ஓசையிலிருந்தே உளுத்த பலகையை அவர் கண்டுகொண்டார். பூச்சு தேய்ந்துபோனதால்தான் மரம் கவனிக்கப்பட்டது.

இன்னொன்றும் கருதத்தக்கது. கலப்பற்று அடித்த கலம், மரம் நீரில் ஊறி உப்புவதை நம்பிக் கட்டப்பட்டது. பலகைகள் நனைந்து விரிந்து ஒன்றையொன்று நெருக்கும்போதே சந்துகள் இறுகும். மரம் அசையும், விரியும், சுருங்கும் என்பதை ஏற்றுக்கொண்டு அதற்கேற்பச் செய்த கலை அது.

செம்புக் கம்பியும் செயற்கைப் பிசினும்

எபாக்சியின் கதை கடலில் தொடங்கவில்லை. 1930களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்னும் வேதியியலார், பல் கட்டுவதற்கேற்ற பொருளைத் தேடியபோது இப்பிசினை உருவாக்கினார். ஏறத்தாழ அதே காலப்பகுதியில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பார் வண்ணப்பூச்சுக்காக இதே வழியில் ஆய்ந்தார். காஸ்தானின் உரிமையைப் பெற்ற சிபா நிறுவனம் 1946இல் இதனை ‘அரால்டைட்’ என்ற பெயரில் ஒட்டுப்பொருளாக வெளியிட்டது. உடைந்த பீங்கானை ஒட்ட நம் வீடுகளில் இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் குழைக்கும் பசை அதுவே.

1963இல் இங்கிலாந்தில் ‘மிரர்’ என்னும் சிறு பாய்ப்படகு அறிமுகமாயிற்று. ஒட்டுப்பலகைத் துண்டுகளின் ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மீது கண்ணாடியிழைப் பட்டையும் பிசினும் இட்டு ஒட்டிவிடுவது அதன் முறை. தச்சுத் தொழில் அறியாதவரும் வீட்டில் அமர்ந்து கட்டலாம். அப்போது பயன்பட்டது பாலியெஸ்டர்ப் பிசின். பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கூஜன் சகோதரர்கள், 1969 முதல் எபாக்சியைக் கொண்டு மரப்படகு கட்டும் முறையைச் செம்மைப்படுத்தினர். 1970இல் அவர்கள் மிதக்கவிட்ட ‘அடாஜியோ’ என்னும் மூவுடற்படகும், 1979இல் வெளியிட்ட அவர்தம் நூலும் இத்துறையில் வழிகாட்டிகளாயின.

தையல் முறை நம் கரைக்கும் திரும்பி வந்தது. கட்டுமரத்துக்குரிய மென்மரம் அருகி விலையேறிய 1980களின் தொடக்கத்தில், கன்னியாகுமரிக் கரையில் பியர் ஜில்லே என்பார் மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகையால் தைத்து ஒட்டிய படகுகளை உருவாக்கினார். அப்பணியின் இடர்ப்பாடுகளை விளக்கும் அவரது நூல் 1985இல் வெளிவந்தது. அங்கே பரவிய அப்படகுகளைப் பின்னர் முழுதும் கண்ணாடியிழையாலான படகுகள் பின்தள்ளின. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு அவையே கரையெங்கும் நிறைந்தன.

தென்னைநார்க் கயிற்றின் இடத்தில் செம்புக் கம்பி. குங்கிலியத்தின் இடத்தில் எபாக்சி. பிணைத்தல், அடைத்தல், காத்தல் என்னும் மூன்று வேலைகள் மட்டும் மாறவில்லை. முந்திரி ஓட்டின் எண்ணெயும் ஓய்ந்துவிடவில்லை. அதிலிருந்து பிரித்தெடுக்கும் கார்டனால் என்னும் பொருளைக்கொண்டு, ஈரத்திலும் குளிரிலும் இறுகக்கூடிய எபாக்சிக் கடினமாக்கிகள் செய்யப்படுகின்றன. இன்றைய இரும்புக் கப்பல்களின் பூச்சுகளில் அவை பயன்படுகின்றன. பழங்காலப் படகோட்டி பூசிய எண்ணெய் வேறு வடிவில் கடலுக்கே திரும்பியிருக்கிறது.

மெருகேற்றும் முறை

இனி அந்த வழவழப்பு எங்ஙனம் உண்டாகிறது என்பதைக் காண்போம். எபாக்சி என்பது பிசினும் கடினமாக்கியும் ஆகிய இரு நீர்மங்களின் கூட்டு. குறித்த அளவில் கலந்தால் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து திடமாகும். பாலியெஸ்டரில் பழகிய கை, விரைவில் இறுகட்டும் என்று ஊக்கியைச் சற்றுக் கூட்டிவிடும். எபாக்சியில் அது செல்லாது. அளவு மிகினும் குறையினும் பூச்சு என்றும் பிசுபிசுப்பாகவோ வலுவற்றதாகவோ நின்றுவிடும்.

நம் நாட்டு வெயிலில் இரு எச்சரிக்கைகள் தேவை. கலந்த பிசினை ஆழமான கிண்ணத்தில் விட்டுவைத்தால் அதன் சூடு அதனுள்ளேயே பெருகிப் புகைந்து கட்டியாகிவிடும். அகன்ற தட்டில் பரப்பி வைத்தல் வேண்டும். மரம் சூடேறிவரும் முற்பகலில் பூசினால், மரநாளங்களில் உள்ள காற்று விரிந்து குமிழ் குமிழாகப் பூச்சைத் துளைத்து வெளிவரும். பொழுது சாய்ந்து மரம் குளிரத் தொடங்கும்போது நிழலில் பூசினால், மரம் பிசினை உள்ளிழுத்துக்கொள்ளும். வழவழப்பின் பாதி இரகசியம் இந்த நேரமறிதலில் இருக்கிறது.

முதற்பூச்சின் மேல் மெல்லிய கண்ணாடியிழைத் துணியை விரித்துப் பிசினால் நனைப்பர். நனைந்தவுடன் வெண்துணி மறைந்து மரத்தின் வரிகள் தெரியும். துணியின் நெசவு மறையுமட்டும் இரண்டு மூன்று முறை மெல்லியதாகப் பூசுவர். இறுகியபின், குறிப்பாக ஈரக்காற்று வீசும் பருவத்தில், மேலே மெழுகு போன்ற ஒரு படலம் தோன்றக்கூடும். அதைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவாமல் உப்புத்தாளை எடுத்தால் படலம் உள்ளே அழுந்தி, அடுத்த பூச்சு ஒட்டாது.

பின்னர்ப் பட்டி பார்க்கும் வேலை. பென்சிலால் மேற்பரப்பு முழுதும் கோடுகள் கிறுக்கி, நீண்ட பலகையில் உப்புத்தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாகத் தேய்ப்பர். கோடு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். நுண்குமிழித் தூள் கலந்த எபாக்சியால் அதை நிரப்பி, மீண்டும் தேய்க்க வேண்டும். உள்ளங்கையால் தடவி, கண் காணாத மேடுபள்ளத்தைக் கை காணுமட்டும் இது தொடரும். 80ஆம் எண் தாளில் தொடங்கி 120, 220 என நுண்மை கூட்டுவர். இறுதியில் வெயிலைத் தாங்கும் வார்னிஷோ வண்ணமோ பூசியே தீரவேண்டும். எபாக்சி நீரை எதிர்க்குமேயன்றிச் சூரிய ஒளியை நெடுநாள் தாங்காது. கையுறையும் முகக்கவசமும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. தோலில் ஒருமுறை ஒவ்வாமை பற்றிக்கொண்டால் அது வாழ்நாள் முழுதும் தொடர்வதுண்டு.

திருப்பெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் செயின்ட்-கோபைன் ஆலையில், உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மீது மிதக்கவிட்டுத் தட்டையாக்குகின்றனர். அங்கே சமநிலையை இயற்கையே தருகின்றது. படகின் வளைந்த விலாவிலோ அதே இயற்கை பிசினைக் கீழ்நோக்கி வழியச் செய்யும். ஆதலின் அங்கே கைதான் சமநிலை தரவேண்டும்.

உள்ளே உலராத மரம்

ஆண்டுகள் பலவற்றுக்கு முன் இராமநாதபுரக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் கரையேற்றியிருந்த பழைய படகொன்றைக் கண்டேன். ஒழுக்கை நிறுத்துவதற்காக அதன்மேல் பிசினும் கண்ணாடியிழையும் போர்த்தியிருந்தார்கள். வெளிப்புறம் பளபளவென்று இருந்தது. அருகிலிருந்த முதிய ஓடாவி ஒருவர், தம் உளியின் பிடியால் அதைத் தட்டினார். மண்பானையைத் தட்டியது போன்ற மந்தமான ஓசை எழுந்தது.

“கேட்டீகளா தம்பி, உள்ளே மரம் இல்லை” என்றார்.

“வெளியே ஒன்றும் தெரியவில்லையே, பெரியவரே?”

“தெரியாமப் பண்ணத்தானே பூசியிருக்காக. ஊறின மரத்தை மூடிப்புட்டாக. ஈரம் எங்கே போகும்?”

போர்வையின் ஓரத்தை அவர் நெம்பியபோது அது தோலுரிவது போல எழுந்து வந்தது. அடியில் மரம் கையால் பிடித்தால் உதிரும் பதத்தில் இருந்தது.

அவர் சொன்னதில் அறிவியல் முழுவதும் அடங்கியிருந்தது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் அழுகற்காளான் வளராது. எபாக்சி பூசுவதற்கு அது பன்னிரண்டுக்குக் கீழே இருத்தல் நலம் என்பர். புதிய முறை, மரம் என்றுமே நனையாது, அசையாது என்ற அடிப்படையில் அமைந்தது. பழைய முறையோ, நனைந்து அசையும் என்ற அடிப்படையில் அமைந்தது. இரண்டும் தத்தம் அளவில் அறிவுடையனவே. ஆனால் பழைய முறையில் கட்டிய கலத்தின்மேல் புதிய முறையின் தோலை மட்டும் போர்த்தினால், பலகைகள் அசைய, போர்வை வெடிக்க, வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். எண்ணெய் பூசிய மரத்தில் எபாக்சி ஒட்டாது என்பதும் இதனோடு சேர்ந்துகொள்ளும். அப்படகைக் கொன்றது புதிய பிசினன்று. மரத்தை அறியாத கை.

ஆகவே ‘பழையது தோற்றது, புதியது வென்றது’ என்பது பிழையான கணக்கு. வழவழப்பு ஒரு வேலையின் முடிவு. அதற்கு முன் உலர்த்தல், பிணைத்தல், கழுவுதல், தேய்த்தல் என்பன ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். ஒரகடத்து ஆலையிலும் கழுவாத தகட்டைத் தொட்டியில் இறக்குவதில்லை.

இவ்வறிவை நம் காலத்தவர் மீண்டும் தேடிச் செல்கின்றனர். 1980இல் டிம் செவரின் என்பார் ஓமானின் சூர் நகரில், கேரளத்து அயினி மரத்தையும் தென்னங்கயிற்றையும் கொண்டு ‘ஸுஹார்’ என்னும் கப்பலைத் தைக்கச் செய்து, அதில் சீனம்வரை சென்றார். 2025 மே மாதம் இந்தியக் கடற்படை ‘கௌண்டின்யா’ என்னும் தைத்த கப்பலைக் கார்வாரில் ஏற்றுக்கொண்டது. கேரளத்துக் கைவினைஞர்கள் அதைத் தைத்தனர். அதன் நீரியல் ஆய்வுக்குச் சென்னை ஐ.ஐ.டி. துணைநின்றது. தைக்கத் தெரிந்த கைகள் மலையாளக் கரையில் எஞ்சியிருந்ததாலேயே இது இயன்றது.

மரைக்காயர் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் நம் குடும்பங்களில், அந்த ஆலைகளில் பொறியாளராகப் பணிபுரியும் இளைஞர் உண்டு. பிசினின் வேதியியலை அவர்கள் அறிவர். பாட்டனாருடைய கலத்தில் பூசியது எது, எந்த மரம் எந்த உறுப்புக்கு ஆயிற்று, கலப்பற்று அடித்தவர் யார் என்பன அவர்கள் அறியாதவை. இவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் நம் கடற்கரை ஊர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். பழைய பெட்டிகளில் கப்பல் கணக்கேடுகள் கிடப்பதும் உண்டு. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அப்பெரியவர்கள் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர்கள் சொல்லும் சொற்களையும் செய்முறைகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் போதும். முன்னோர் கப்பலோட்டினார்கள் என்று மேடைதோறும் கூறிப் பெருமைப்படும் நாம், அக்கப்பல் எவ்வாறு நீரில் நின்றது என்று கேட்பாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.